பத்துக்கு எத்தனை?

லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை ஆறு மணிக்கு மூன்று வகை மனிதர்களைப் பார்க்கலாம். சர்க்கரைக்காக நடப்பவர்கள். வீட்டில் காபி தயாராகும்வரை நடப்பவர்கள். நடப்பவர்களைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள். நான் மூன்றாவது. சுபேதார் சார் இந்த மூன்றிலும் சேர்த்தி இல்லை. அறுபத்தைந்து வயதில், இடது முழங்காலுக்குக் கீழே புனேயில் செய்து மாட்டிய செயற்கைக் காலுடன், எண்ணி ஆறு சுற்று மார்ச் பண்ணிவிட்டுத்தான் உட்காருவார். வேலூர் பக்கத்துக்காரர். இப்போது மயிலாப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார்.

கால் போனது 2002 கடைசியில். நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லை நெடுக ராணுவத்தைக் கொண்டுபோய் நிறுத்தி, கண்ணிவெடி புதைத்து, பத்து மாதம் கழித்து ‘போதும், திரும்பி வாங்க’ என்றார்களே, ஆபரேஷன் பராக்ரம். புதைத்ததைத் தோண்டி எடுக்கும்போது ராஜஸ்தான் மணலில் ஒன்று இவருக்காகக் காத்திருந்தது.

“அன்னிக்கு வலிக்கவே இல்ல சார். பூட்ஸ் எங்க போச்சுன்னுதான் தேடினேன்” என்பார்.

வலி பிறகு வந்தது. வந்தது இன்னும் போகவில்லை. இல்லாத காலின் இல்லாத கட்டைவிரலை யாரோ பழுக்கக் காய்ச்சின இடுக்கியால் பிடித்துத் திருகுகிற மாதிரி, ராத்திரி இரண்டு மணிக்கு. இருபத்துச் சொச்சம் வருஷமாக. பார்த்த டாக்டர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். “பத்துக்கு எத்தனை?” ஒன்று என்றால் எறும்புக்கடி, பத்து என்றால் தாங்கவே முடியாதது. சுபேதார் சார் எல்லோருக்கும் சொல்லி வந்த மார்க், நாலு.

போன வாரம் ஆறு சுற்று முடிந்ததும் பையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்தார்.

“நீங்க எழுதறவரு. இதப் படிச்சு அர்த்தம் சொல்லணும். தமிழ்லதான் இருக்கு, ஆனா புரியல.”

வாங்கிப் படித்தேன். எட்டுப் பக்கம். எனக்கும் இரண்டாவது தடவைதான் புரிந்தது. அவருடைய கால் நுனியில், வெட்டுப்பட்ட நரம்பு ஒரு முடிச்சாகத் திரண்டிருக்கிறது. அடுத்த மாதம் ஆபரேஷன் செய்து அதை எடுக்கப் போகிறார்கள். அதை எறிந்துவிடாமல் ஆராய்ச்சிக்காகக் குளிரில் உறையவைத்துப் பாதுகாக்க அனுமதி கேட்கிறார்கள். கூடவே ஒரு ட்யூப் ரத்தம். அதோடு, வருஷத்துக்கு இரண்டு முறை அவரிடம் வலியைப் பற்றிக் கேள்விகள் கேட்டு, பத்து வருஷத்துக்கு ஒரு பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். போரில் அடிபட்டு வலியோடு வாழ்கிறவர்களுக்கான பதிவேடு. எந்த ஆஸ்பத்திரி, எந்தக் குழு என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

“போடுங்க கையெழுத்து. எப்படியும் குப்பைக்குப் போறதுதானே?” என்றேன்.

சுபேதார் சார் சிரிக்கவில்லை. “மூணு சந்தேகம் சார். ஒண்ணு, வெட்டி எடுத்த நரம்பு யாருது? எனக்கா, ஆஸ்பத்திரிக்கா? ரெண்டு, நான் சொல்றத எழுதிவச்சு நாளைக்குப் பென்ஷன்ல கை வைப்பாங்களா? மூணு...” கொஞ்சம் நிறுத்தினார். “ஃபாரம் கொண்டுவந்தது ஒரு சின்னப் பொண்ணு. நல்ல பொண்ணு, அங்கிள் அங்கிள்னு பேசிச்சு. ஆனா அவளக் கூட்டிட்டு வந்தது ஒரு கர்னல் சாப். ரிட்டயர்டுதான். இருந்தாலும் கர்னல் கர்னல்தானே? அவர் பக்கத்துல நிக்கும்போது எப்படி சார் வேணாம்னு சொல்றது?”

நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. “ரெண்டு நாள் டயம் குடுங்க” என்று ஃபாரத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

முதலில், இப்படி ஒரு பதிவேடு எதற்கு?

சர்க்கரைக்கு மீட்டர் இருக்கிறது. ஜுரத்துக்குத் தர்மாமீட்டர். வலிக்கு? ஸ்கேனில் எலும்பு தேய்ந்திருப்பது தெரியும். அது வலிக்கிறதா என்பது தெரியாது. முதுகெலும்பு தேய்ந்தும் வலியே இல்லாமல் திரிகிறவர்கள் உண்டு. ஸ்கேன் சுத்தமாக இருந்தும் படுக்கையில் புரள்கிறவர்கள் உண்டு. வலிக்கு இன்றுவரை நம்பகமான சாட்சி ஒருவர்தான். வலிக்கிறவர்.

அந்தச் சாட்சியை உட்காரவைத்து ஒழுங்காக எழுதிக்கொள்ளும் பழக்கம் யுத்தத்தில்தான் வலுப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஃபிலடெல்ஃபியாவில் நரம்புக் காயங்களுக்கென்றே ஒரு ராணுவ ஆஸ்பத்திரி நடத்தினார்கள். அங்கே சைலஸ் வெய்ர் மிச்செல் என்ற டாக்டரும் அவருடைய இரண்டு சகாக்களும் சிப்பாய் சிப்பாயாகக் கேட்டு எழுதி, 1864-ல் புத்தகமாகப் போட்டார்கள். கை கால் போன பிறகும் அது இருப்பதுபோலவும் வலிப்பதுபோலவும் சொன்னவர்களின் வார்த்தைகளை மிச்செல் தள்ளிவிடவில்லை. 1871-ல் அதற்குப் ‘பிசாசு அங்கம்’ என்று அர்த்தம் வரும்படி ஒரு பெயர் வைத்தார். சுபேதார் சாரின் கட்டைவிரலுக்கு அகராதியில் இடம் கிடைத்தது அப்படித்தான்.

அந்தப் பிசாசுக்கு ஒரு மந்திரத்தைக் கண்டுபிடித்தவர் நம்ம ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுப் போன வி.எஸ். ராமச்சந்திரன். 1990-களில், கலிஃபோர்னியாவில். கருவி ஒரு சாதாரணக் கண்ணாடி. இருக்கிற கையை அல்லது காலைக் கண்ணாடி முன் வைத்து ஆட்டினால், பிம்பத்தில் இல்லாத அங்கம் ஆடுவதுபோல் மூளைக்குத் தெரியும். இறுகிக் கிடந்த பிசாசு தளர்ந்துகொடுக்கும். வாஷிங்டனில் வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில் கால் போனவர்களிடம் இதைச் சோதித்து 2007-ல் வெளியிட்டார்கள். தினம் கால் மணி நேரம், நாலு வாரம். முடிவுவரை இருந்தவர்கள் 18 பேர், ஆறு ஆறாக மூன்று குழு. நிஜக் கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. துணி போட்டு மூடிய கண்ணாடி பார்த்த ஆறு பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது, மூன்று பேருக்குக் கூடியது.

அழகான சோதனைதான். ஆனால் கவனியுங்கள், மொத்தமே 18 பேர். சுபேதார் சாரும் புனேயில் இருந்தபோது கண்ணாடி பார்த்திருக்கிறார். அவருக்குக் கேட்கவில்லை. ஏன் ஒருவருக்குக் கேட்கிறது, இன்னொருவருக்குக் கேட்கவில்லை? ஒரே மாதிரி கால் போன இரண்டு பேரில் ஒருவர் நிம்மதியாகத் தூங்க, மற்றவர் மட்டும் ஏன் இரண்டு மணிக்கு எழுந்து உட்காருகிறார்? 18 பேரை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கானவர்கள் வேண்டும், வருஷக்கணக்கில் வேண்டும்.

நரம்பும் வேண்டும். வெட்டுப்பட்ட நரம்பு சும்மா இருப்பதில்லை. வேர் விடுகிற கொடி மாதிரி கிளைவிட்டு, போக வழியில்லாமல் சுருண்டு முடிச்சாகிறது. நரம்புகளின் சுவரில் சோடியத்தை உள்ளே விடுகிற நுண்ணிய கதவுகள் உண்டு. முடிச்சில் அந்தக் கதவுகள் கூட்டமாகச் சேர்ந்துகொள்கின்றன. யாரும் தொடாமலே திறந்து மூடி, ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்று மூளைக்குத் தந்தி அடித்துக்கொண்டே இருக்கின்றன. எந்தக் கதவு, யாருக்கு, எவ்வளவு என்பது திசுவைப் பார்த்தால்தான் தெரியும். வெட்டி எடுத்த சீக்கிரத்தில் மைனஸ் 80 டிகிரியில், அல்லது திரவ நைட்ரஜனில் மைனஸ் 196-ல் உறையவைக்க வேண்டும். தாமதித்தால் அதிலிருக்கும் சேதி அழிந்துவிடும். திசு மட்டும் இருந்து கதை இல்லாவிட்டால் அது வெறும் சதைத் துணுக்கு. கதை மட்டும் இருந்து திசு இல்லாவிட்டால் பாதிச் சாட்சி. இரண்டையும் ஒரு ரகசிய நம்பரால் கோத்து வைப்பதுதான் இந்த வேலையின் சாரம்.

இதனால் என்ன கிடைக்கும் என்று கேட்டால், ஒரு கதை. பாகிஸ்தானின் வடக்குப் பகுதியில் ஒரு பையன். தெருவில் வித்தை காட்டுவான். கையில் கத்தியைக் குத்திக்கொள்வான், நெருப்புத் துண்டங்களின் மேல் நடப்பான். பிறந்ததிலிருந்து அவனுக்கு வலி என்றால் என்னவென்றே தெரியாது. பதினாலு வயது வாக்கில் கூரையிலிருந்து குதித்துச் செத்துப்போனான். வலி இல்லாதவனுக்குப் பயமும் இல்லை. அவனுடைய சொந்தபந்தங்கள் ரத்தம் கொடுக்க, மூன்று குடும்பங்களில் ஆறு குழந்தைகளைச் சோதித்ததில், அந்தச் சோடியக் கதவுகளில் ஒன்று, 1.7 என்று நம்பர் போட்டது, அவர்களுக்கு வேலை செய்யவில்லை என்று 2006-ல் தெரிந்தது. உலகம் முழுக்க மருந்துக் கம்பெனிகள் இந்தக் கதவுகளின் பக்கம் திரும்பின. பக்கத்துக் கதவான 1.8-ஐ மூடும் சுசெட்ரிஜின் என்கிற மாத்திரையை அமெரிக்கா 2025 ஜனவரியில் அனுமதித்தது. அபின் வகையறா அல்லாத புது மாதிரி வலி மருந்து. ஆபரேஷனுக்குப் பிந்தின வலி போன்ற திடீர் வலிகளுக்குத்தான், பிசாசு வலிக்கு இன்னும் இல்லை. ஆனால் வழி திறந்திருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் கால் போனவருக்கு, எல்லைக்கு அந்தப் பக்கத்து வீட்டார் கொடுத்த ரத்தம் என்றைக்காவது தூக்கம் தரலாம்.

ஆக, பதிவேடு நல்லது, திசு வங்கி நல்லது. சந்தேகமே இல்லை. சென்னைக்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாறில் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரி, 1980-களின் ஆரம்பத்திலிருந்து இந்த நகரத்தின் புற்றுநோய்களுக்குக் கணக்கு எழுதி வருகிறது. ஐ.சி.எம்.ஆர். தொடங்கிய தேசியப் பதிவேட்டில் மும்பை, பெங்களூரோடு சென்னையும் முதல் வரிசை. ஆட்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், கார்ப்பரேஷனின் மரணப் பதிவைப் புரட்டிச் சேர்த்த கணக்கு. அந்தக் கணக்கிலிருந்துதான், சென்னைப் பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் குறைந்து மார்பகப் புற்றுநோய் முந்திவிட்டது என்று தெரிந்தது. அடையாறிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஐ.ஐ.டி.யில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இருக்கிறது. 2025 பிப்ரவரியில் 480 மார்பகப் புற்றுநோய் நோயாளிகளின் ஜீன் விவரங்களைத் தொகுத்து ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

இத்தனையும் படித்துவிட்டு, ‘நான் முதலில் சொன்னதுதான் சரி, கையெழுத்துப் போடச் சொல்லிவிடலாம்’ என்று நினைத்தேன். அப்போதுதான் இன்னொரு சென்னைக் கதை ஞாபகத்துக்கு வந்து குறுக்கே படுத்துக்கொண்டது.

1985 கடைசி. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் மைக்ரோபயாலஜி மாணவி செல்லப்பன் நிர்மலா. பேராசிரியை சுனிதி சாலமன் அவரிடம், எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா பார் என்று ஆராய்ச்சித் தலைப்புக் கொடுத்தார். அப்போது நாட்டில் எல்லோரும் ‘அது அமெரிக்கா சமாச்சாரம், நமக்கு வராது’ என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். நிர்மலா பாலியல் தொழிலில் மாட்டி அரசாங்க விடுதியில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் போய் ரத்தம் எடுத்தார். கையுறை கிடையாது. கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். எண்பது சொச்சம் சாம்பிள்கள். வைக்க இடம் இல்லாமல் வீட்டு ஃப்ரிஜ்ஜில் வைத்தார். சென்னையின் முதல் திசு வங்கி என்று தயிருக்கும் கத்தரிக்காய்க்கும் பக்கத்தில் இருந்த அந்த ஃப்ரிஜ்ஜைத்தான் சொல்ல வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்துக் காட்பாடிக்கு ரயிலேறி, வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு சாம்பிள்கள் மஞ்சளாக மாறின. 1986-ல் இந்தியா விழித்துக்கொண்டது. ரத்த வங்கிகளில் சோதனை வந்தது, தடுப்பு வேலைகள் வந்தன. அந்த ஆறு ட்யூப்கள் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்று கணக்குப் போட முடியாது.

எதற்கு ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. பின்னாளில் நிர்மலாவே இதைச் சொல்லியிருக்கிறார். வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நிர்மலாவின் துணிச்சலுக்குக் குறைவில்லை, நோக்கத்திலும் பழுதில்லை. ஆனாலும், பூட்டிய விடுதியில் இருக்கிற பெண், டாக்டரம்மா ஊசியோடு வந்து கையை நீட்டு என்றால் நீட்டாமல் என்ன செய்வாள்?

இங்கேதான் எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த ரத்தம் கேட்காமல் எடுத்தது, ஆனாலும் உண்மையைச் சொன்னது. அப்படியானால் கேட்பது எதற்கு? நல்ல காரியம் நடக்கிறதே! சுபேதார் சாரின் கர்னல் பக்கத்தில் நின்றால்தான் என்ன குடிமுழுகிப் போய்விடும்?

ராணுவம் இந்தக் கேள்விக்குக் கொடுத்த விலையையும் பார்த்துவிடலாம். 1930-களிலும் 40-களிலும் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ராவல்பிண்டியில் நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்களைக் கடுகு வாயுவுக்கு ஆட்படுத்திப் பார்த்தார்கள். இந்தியத் தோல் பிரிட்டிஷ் தோலைவிட அதிகமாக வெந்துபோகுமா என்று தெரிய வேண்டுமாம். சிலரை அரை டிராயரும் பருத்திச் சட்டையுமாக உள்ளே அனுப்பினார்கள். பலமாக வெந்துபோய் ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் உண்டு. 2007-ல் பிரிட்டிஷ் ஆவணங்களிலிருந்து விஷயம் பத்திரிகைக்கு வந்தது. அவை ரொம்ப ஒழுங்கான பதிவேடுகள், தேதி போட்டு, காயத்தை அளந்து எழுதியவை. அந்தச் சிப்பாய்களும் நம் சுபேதார் சார் மாதிரி, மேலதிகாரிக்கு முன் வேண்டாம் என்று சொல்லிப் பழகாதவர்கள்.

அதனால்தான் நம்முடைய ஐ.சி.எம்.ஆர். 2006-ல் போட்ட ஆராய்ச்சி நெறிமுறைகளில் கைதிகள், மாணவர்கள், கீழ்நிலை ஊழியர்கள் வரிசையில் படைவீரர்களையும் சேர்த்தது. சுதந்திரமாக முடிவெடுக்கும் சக்தி குறைந்தவர்கள் என்று. நெஞ்சை நிமிர்த்தி மார்ச் பண்ணுகிறவரைக் கைதியோடு சேர்ப்பதா என்று முதலில் கோபம் வரும். யோசித்தால் நியாயம் புரியும். இவர்களுக்கு உத்தரவு ஒருவிதமாகவும் வேண்டுகோள் வேறுவிதமாகவும் காதில் விழுவதில்லை. ‘விருப்பமிருந்தால் வாருங்கள்’ என்று கமாண்டர் சொன்னாலே முழுக் கம்பெனியும் எழுந்து நின்றுவிடும்.

சரி, அந்தப் பெண்களின் ரத்தத்துக்கும் சுபேதார் சாரின் வலிக்கும் என்ன வித்தியாசம்? ராத்திரி ஒன்றரை மணிக்கு எனக்குப் பிடிபட்டது. ரொம்பச் சின்ன வித்தியாசம்தான். ரத்தம் தன் சொந்தக்காரரைக் கேட்காமலே சாட்சி சொல்லும். வலி சொல்லாது.

ரத்தத்தில் கிருமி இருந்தால் இருக்கிறது. கொடுத்தவர் சந்தோஷமாகக் கொடுத்தாரா, பயந்து கொடுத்தாரா என்பது ட்யூபுக்குத் தெரியாது. அங்கே அறமும் விஞ்ஞானமும் தனித்தனியே நடக்க முடிந்தது. அதுதான் அங்கே ஆபத்து. வலி அப்படி இல்லை. முடிச்சை வெட்டி எடுத்து நைட்ரஜனில் போட்டாலும், ‘இது பத்துக்கு எத்தனை வலித்தது’ என்பதை அந்த மனிதர் வாயால்தான் சொல்ல வேண்டும். அந்த ஒரு எண் பொய்யானால் பக்கத்தில் இருக்கிற திசு, ஜீன், மைனஸ் 80 டிகிரி எல்லாமே பொய்க்கணக்காகிவிடும்.

எண் எப்போது பொய்யாகும்? ராணுவத்தில் உடல் தகுதிக்கு ‘ஷேப்’ என்று ஒரு தர வரிசை. ஷேப் ஒன்று என்றால் முழுத் தகுதி. கீழே இறங்கினால் பிரமோஷனுக்குத் தடை, நல்ல போஸ்டிங்குக்குத் தடை. ஆகவே சர்வீஸில் இருக்கிறவர் வலியைக் குறைத்துச் சொல்வார். ரிட்டயராகிவிட்டால் கதை திரும்புகிறது. உடல் ஊனத்துக்கான பென்ஷன் கேட்டுப் போனால், கூட்டிச் சொல்கிறாரோ என்று சந்தேகக் கண். வலியைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் தராசோடு எதிரே உட்கார்ந்திருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் கர்னலையும் பக்கத்தில் நிறுத்திவைத்துக் கேட்டால் என்ன பதில் வரும்? உண்மை வராது. கேட்கிறவர் எதிர்பார்க்கிற எண் வரும்.

ஹென்றி பீச்சர் என்று ஒரு அமெரிக்க டாக்டர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் இருந்தார். படுகாயம் பட்டு வந்த 215 சிப்பாய்களிடம் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். வலிக்கிறதா, மருந்து வேண்டுமா? ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். 1946-ல் இதை எழுதினார். காயத்தின் அளவு வேறு, வலியின் அளவு வேறு என்று உலகத்துக்குச் சொன்ன முக்கியமான கட்டுரை. காயம் என்பது அவர்களுக்கு வீட்டுக்குப் போக டிக்கெட், அதனால்தான் அன்றைக்கு வலி அடங்கியிருந்தது என்பது அவர் ஊகம். (சுபேதார் சார் பூட்ஸைத் தேடினது ஞாபகம் இருக்கிறதா?) அந்தச் சிப்பாய்கள் வேண்டாம் என்று சொல்லலாம் என்கிற நிலையில் கேட்டதால்தான் பீச்சருக்கு அந்த உண்மை கிடைத்தது. அதே பீச்சர் இருபது வருஷம் கழித்து, 1966-ல், நோயாளிகளுக்குத் தெரியாமலும் ஆபத்தை மறைத்தும் நடந்த 22 ஆராய்ச்சிகளைப் பட்டியல் போட்டு அமெரிக்க மருத்துவ உலகத்தை உலுக்கினார். இரண்டும் ஒரே மனிதர் செய்தது என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

‘இப்படி ஒவ்வொருவரிடமும் பக்குவமாகக் கேட்டுக்கொண்டிருந்தால் ஆராய்ச்சி எப்போது முடியும்? இன்று ராத்திரி இரண்டு மணிக்குத் துடிக்கிறவன் என்ன செய்வான்?’ என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். கேட்டுச் செய்வதில் நாள் போகும், சிலர் மறுப்பார்கள், எண்ணிக்கை குறையும். ஆனால் அமெரிக்காவில் ரிட்டயர்ட் படைவீரர்களுக்காக 2011-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ரத்தம், மருத்துவக் குறிப்பு, கேள்வித்தாள், எல்லாம் அவரவர் விருப்பப்படி. 2023 நவம்பரில் பத்து லட்சம் பேர் சேர்ந்திருந்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் பத்து லட்சம் கையெழுத்து. கேட்டால் தருகிறார்கள் சார். போரில் பக்கத்தில் இருந்தவனுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தவன், பின்னால் வருகிறவனுக்காக ஒரு நரம்பு முடிச்சைத் தரமாட்டானா? அவன் கேட்பது, ‘கேளுங்கள்’ என்பதுதான்.

மூன்றாம் நாள் பூங்காவில் என் பதில்களைச் சொன்னேன்.

“முதல் சந்தேகம், நரம்பு யாருது. உங்களுதும் இல்ல, அவங்களுதும் இல்ல. ஊருக்குப் போறவன் நகையப் பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போவானே, அந்த மாதிரி அடைக்கலம். அடைக்கலப் பொருள விக்கக் கூடாது, சொன்ன காரியத்துக்குத் தவிர வேற எதுக்கும் எடுக்கக் கூடாது. திருப்பிக் கேட்டா, மிச்சம் இருக்கறதத் தரணும், இல்ல அழிக்கணும். அத ஃபாரத்துல எழுதியிருக்கான்னு பாருங்க. ஆறாம் பக்கம், இருக்கு.”

“சரி.”

“ரெண்டு, பென்ஷன். நீங்க சொல்றத பென்ஷன் ஆபீஸோ, பழைய யூனிட்டோ, மருத்துவ போர்டோ எந்தக் காரணத்துக்காகவும் பாக்க முடியாதுன்னு எழுத்துல வேணும். இதுல ‘தேவைப்படும் அதிகாரிகளுக்கு’ன்னு ஒரு வார்த்தை இருக்கு. யாரு அந்த அதிகாரின்னு கேளுங்க. சொல்லலேன்னா போடாதீங்க.”

“மூணு?”

“மூணாவதுக்கு நான் பதில் சொல்ல முடியாது. அந்தப் பொண்ணத் தனியா வரச் சொல்லுங்க. கர்னல் வேண்டாம். அவகிட்ட முதல்ல வேணாம்னு சொல்லிப் பாருங்க. அவ முகம் எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “நாலாவதா ஒண்ணு நான் கேக்கப் போறேன் சார். வங்கின்னு பேரு வச்சிருக்காங்க. டெபாசிட் வாங்கிட்டு பாஸ்புக் தரலேன்னா எப்படி? வருஷத்துக்கு ஒருவாட்டி, என் நரம்ப வச்சு என்ன தெரிஞ்சுதுன்னு எனக்கு வந்து சொல்லணும். ஒண்ணும் தெரியலேன்னா, ஒண்ணும் தெரியலேன்னு சொல்லணும்.”

எட்டுப் பக்கம் படித்த எனக்கு இது தோன்றவில்லை. நிர்மலாவின் ஃப்ரிஜ்ஜில் இருந்த எண்பது ட்யூப்களுக்கும், ராவல்பிண்டிச் சிப்பாய்களுக்கும் கிடைக்காமல் போனது இந்த பாஸ்புக்தான். எடுத்துக்கொண்டவர்கள் யாரும் திரும்பி வந்து, ‘உன்னிடமிருந்து இதைக் கற்றுக்கொண்டோம்’ என்று சொல்லவில்லை. சம்மதம் என்றால் நாம் ஒரு நாள் போடுகிற கையெழுத்து என்று நினைக்கிறோம். பத்து வருஷப் பதிவேட்டுக்கு அது போதாது. ஒவ்வொரு ஆறு மாதமும் அந்த மனிதர் கதவைத் திறக்க வேண்டும், திறந்து உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் எதற்குத் திறப்பார்? போன தடவை வந்தவர்கள் மரியாதையாக நடந்துகொண்டிருந்தால் திறப்பார்.

அப்புறம் ஒரு வாரம் சுபேதார் சாரைக் காணவில்லை. நேற்றுக் காலை ஆறு சுற்று முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“போட்டுட்டேன் சார். அந்தப் பொண்ணு தனியா வந்துச்சு. வேணாம்னு சொன்னேன். சரி அங்கிள், பரவாயில்ல, ஆபரேஷன் தேதியில ஒரு மாத்தமும் இல்லன்னு பையத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடிச்சு. வாசல் வரைக்கும் போனத நான்தான் கூப்பிட்டேன். அதிகாரிங்கற வார்த்தைய அடிச்சுக் குடுத்து, அவங்க டாக்டர்கிட்ட கையெழுத்தும் வாங்கிட்டு வந்துச்சு. பாஸ்புக் விஷயத்த அதுவே நோட்டுல எழுதிக்கிச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, முதல் கேள்வி. பத்துக்கு எத்தனை?”

“நாலுன்னீங்களா?”

செயற்கைக் காலை நீட்டி, இல்லாத கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல சார். எட்டு. இருபத்துமூணு வருஷமா எட்டுதான். எழுதிக்கம்மான்னு சொன்னேன்.”